ஆய்வு முடிவு நம் வார்டுக்கு வந்து சேர்ந்தபோது நீங்கள் கண்டது என்ன? (அனுபவப் பகிர்வு)

மலையோரச்_செவிலி

என் விஷயம் டெக்சா ஊசி: குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் நுரையீரல் முதிர, தாய்க்குப் போடும் டெக்சாமெத்தசோன். 2014இல் மத்திய அரசு தந்த வழிகாட்டியை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள்: 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி வந்தால் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி, முதல் ஊசியைத் துணைச் செவிலியரே போட்டு மேல்மருத்துவமனைக்கு அனுப்பலாம். பயிற்சியின் நடுவே பின்வரிசையிலிருந்து ஒரு மூத்த அக்கா எழுந்தார். "சார், கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்று கேட்டால் மாட்டுப்பொங்கலுக்கு முந்தி என்பார்கள். ஸ்கேனும் இருக்காது. 34 வாரமா, 38 வாரமா என்று எதை வைத்துச் சொல்வது?"

பயிற்சியாளர் திரையிலிருந்த காக்ரேன் சின்னத்தைக் காட்டினார்; மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் உலக அமைப்பு அது. வட்டத்துக்குள் இருக்கும் அந்தக் கோடுகளே இந்த ஊசியைப் பற்றிய சோதனைகள்தான், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்றார். அக்கா உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டதை ஒருவரும் குறித்துக்கொள்ளவில்லை.

அதன்பின் லான்செட் மருத்துவ இதழில், இந்த ஊசியைக் கிராமங்களில் பரவலாக்கிப் பார்த்த ஆக்ட் ஆய்வு வந்தது. பெலகாவி, நாக்பூர் உட்பட ஆறு நாடுகளின் கிராமங்கள். ஊசியைப் பரவலாக்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 27.4, மற்றப் பகுதிகளில் 23.9. ஊசி பெற்ற தாய்மார்களில் பெரும்பாலோருக்கு எடை குறைந்த குழந்தையே பிறக்கவில்லை; அதாவது தேவைப்படாதவர்களுக்கும் ஊசி போயிருக்கிறது. அக்கா கேட்டதும் இதைத்தானே?

வேலூர்_வாசகி

செவிலி அவர்களே, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். காக்ரேன் சுருக்கங்களைத் தமிழாக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. பச்சிளங்குழந்தைப் பிரிவின் வெளியே ஒரு தகப்பனார் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இந்த ஊசியால் குழந்தைகள் இறந்ததாகவும் போட்டிருக்கிறதே, என் மனைவிக்கு ஏன் போட்டார்கள்?" என்று கேட்டார். அவர் விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஆக்ட் வந்த பின் உலக சுகாதார நிறுவனம் 2015இல் நிபந்தனைகளை எழுதியது: வாரக் கணக்கு துல்லியமாகத் தெரிய வேண்டும், தாய்க்குத் தொற்று இருக்கக் கூடாது, குறைமாதக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வசதி வேண்டும். அதோடு விடாமல் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா என ஐந்து நாடுகளின் 29 மருத்துவமனைகளில், ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதிசெய்துகொண்டு, 2852 தாய்மார்களிடம் மறுபடி சோதித்தார்கள். 2020இல் முடிவு வந்தது: ஊசி பெற்றவர்களின் குழந்தைகளில் இறப்பு 19.6 சதவீதம், பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5. அக்காவின் கேள்விக்கு ஐந்து நாடுகள் சேர்ந்து பதில் தேடியிருக்கின்றன. அதை விட்டுவிட்டுப் பேசுவது சரியல்ல.

கம்பாலா_மருத்துவர்

தேடினார்கள், சரி. பதில் வார்டுக்கு வர எவ்வளவு காலம் ஆகிறது? என் அனுபவம் வேறொரு சிகிச்சை, நரம்பு வழியே நீர் ஏற்றுவது. அதைப் பற்றிய ஃபீஸ்ட் ஆய்வு வெளியானது 2011. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் 3141 குழந்தைகள். காய்ச்சலோடு அதிர்ச்சி நிலையில் (உடலில் ரத்த ஓட்டம் குறைந்து) வந்தவர்களுக்கு வேகமாக நீர் ஏற்றியதில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஏற்றாதவர்களில் 7.3. உலக வழிகாட்டி திருத்தப்பட்டதோ 2016இல்.

இடைப்பட்ட காலத்தில் நான் பணியாற்றிய வார்டில், பொறுப்புச் செவிலியர் சுவரிலிருந்த சிகிச்சை அட்டையில், வேகமாக நீர் ஏற்றச் சொன்ன அந்த ஒரு வரியின் மேல் மட்டும் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார். மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அதை நகத்தால் உரித்தெடுத்தார். "புத்தகம் மாறட்டும், பிறகு அட்டையை மாற்றலாம்" என்றார். ஒட்டு போன இடத்தில் அந்த வரி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. இன்றும் என்னால் அதை மறக்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற_புள்ளியியலர்

மூவரும் ஆய்வைப் பற்றியே பேசுகிறீர்கள். கேள்வி மேலே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. நானும் ஒரு கூட்டத்தில் இப்படி ஒரு கேள்வி காற்றில் போனதைப் பார்த்தவன்.

செவிலி அவர்களே, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் கேள்வியை எழுதுங்கள்: யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவு என்று நான்கு வரியில். "ஸ்கேன் இல்லாத இடத்தில்" என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். அது விடுபட்டால் பணக்கார நாட்டுப் பதில்தான் திரும்பி வரும். எழுதியதை மாவட்ட அதிகாரியின் கையெழுத்தோடு துறைக்கு அனுப்புங்கள். 2017இல் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறை தொடங்கிய, சிகிச்சைகளின் பயனையும் செலவையும் எடைபோடும் மதிப்பீட்டு அமைப்பு, அரசுத் துறைகள் அனுப்பும் கேள்விகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. தனி ஆள் எழுதினால் நடக்காது.

மருத்துவருக்கு ஒன்று: நீங்கள் இருந்த நாட்டிலேயே மக்கரேரே பல்கலைக்கழகத்தில் விரைவு பதில் சேவை 2010 முதல் இருக்கிறதே. ஆய்வு ஆதாரத்தைக் கொள்கை வகுப்போரிடம் சேர்க்க உலக சுகாதார நிறுவனம் 2005இல் தொடங்கிய எவிப்நெட் வலையமைப்போடு வளர்ந்தது அது. அமைச்சக அதிகாரி கேட்டால் 28 நாளுக்குள் ஆதாரத்தைத் தொகுத்துத் தருவார்கள். பிளாஸ்திரியை உரித்த அதிகாரி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். நீங்களும் அவரை எழுத வைத்திருக்கலாம்.

கம்பாலா_மருத்துவர்

ஐயா, நான் வழி கேட்கவில்லை. இரவுப் பணியில் தனியாக நிற்கும் செவிலியர் யாரைக் கடிதம் எழுத வைப்பார்? கேட்கும் உரிமை அதிகாரிக்கு மட்டும் என்றால், அந்த 28 நாள் தொடங்கவே தொடங்காது.

மலையோரச்_செவிலி

புள்ளியியலர் சொன்ன நான்கு வரியை எழுதிப் பார்க்கிறேன். கையெழுத்துக்கு மாவட்ட அதிகாரியிடம் நேரில் போக வேண்டுமா, வட்டார மருத்துவ அலுவலர் வழியாக அனுப்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.