இன்குபேட்டருக்குத் தமிழில் என்ன? புதனுக்குள் வேண்டும்

நெல்லை (இயற்பியல் ஆசிரியை):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி, புத்தாக்கக் கொள்கை அறிக்கையைத் தமிழாக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. வியாழக்கிழமை ஆட்சிக்குழுக் கூட்டம். புதன் மாலைக்குள் அச்சுக்குப் போயாக வேண்டும். மற்ற சொற்களை ஒருவழியாகச் சமாளித்துவிட்டேன். இன்குபேட்டரில்தான் மாட்டிக்கொண்டேன்.

நுண்ணுயிரியல் துறையில் 37 பாகை வெப்பத்தில் பாக்டீரியா வளர்க்கிற பெட்டிக்கும் அதே பெயர். புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு இடமும் ஆய்வுக்கூடமும் வழிகாட்டுதலும் தரும் மையத்துக்கும் அதே பெயர். அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்த பக்கத்தில் வருகின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. மையத்தின் வாசலில் 'இன்குபேஷன் சென்டர்' என்று தமிழ் எழுத்தில் பலகை. அண்மையில் ஒரு அம்மா உள்ளே வந்து, வாத்து முட்டை பொரிக்கிற மிஷின் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். கருப்பட்டி காய்ச்சுகிறவர்களுக்கும் பாய் நெய்கிறவர்களுக்கும் என்றுதான் மையத்தைத் திறந்தோம். வருவதெல்லாம் எங்கள் எம்.எஸ்ஸி. பிள்ளைகள்.

சென்னை (மொழிபெயர்ப்பாளர்):

இதற்கு ஏன் ஓர் இழை? நாளிதழ்களில் 'தொழில் வளர் காப்பகம்' என்று வந்துகொண்டிருக்கிறதே. பெட்டிக்கு 'அடைகாப்புப் பெட்டி'. போட்டுவிட்டுத் தூங்கப் போங்கள் அம்மா.

தஞ்சாவூர் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

தூங்க முடியாது ஐயா. முதியோர் காப்பகம், குழந்தைகள் காப்பகம், உங்கள் நெல்லைப் பக்கமே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தொழில் தொடங்க வருகிறவன் இதில் எந்தக் கணக்கில் சேர்த்தி? போகட்டும், 'வளர்' தன்வினை. வினைத்தொகையாக விரித்தால் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் காப்பகம். அப்படியானால் கட்டடம்தான் வளர்கிறது, தொழில் அல்ல. பிறவினையில் 'தொழில் வளர்ப்பகம்' என்று சொல்லுங்கள். எழுத்தும் குறையும்.

காரைக்குடி (வேதியியல் ஆய்வாளர்):

தமிழையா, மயிலாடுதுறையில் துறையா ஆடுகிறது? மயில் ஆடுகின்ற துறை. பெயரெச்சம் கொண்டு முடியும் ஆறு பொருளில் நிலமும் ஒன்று என்று நன்னூல் பாடம் எடுத்தவர் நீங்கள். தொழில் வளர்கின்ற இடம் என்று விரித்தால் ஒரு குறையும் இல்லை. உங்களுக்குக் கோபம் காப்பகத்தின் மேல். அதைச் சொல்லுங்கள், வினைத்தொகையை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்?

தஞ்சாவூர்:

மயிலாடுதுறையை ஒப்புக்கொள்கிறேன். காப்பகத்தை ஒப்பவில்லை. பேச்சு வந்துவிட்டதால் இதையும் கேட்டுவிடுகிறேன்: ஸ்டார்ட்அப்புக்குப் 'புத்தொழில்' என்று ஒரு சொல்லை எல்லாரும் புழங்குகிறீர்களே, அது எப்படிப் புணர்ந்தது? புதுமை + ஆக்கம் சரி. ஈறு போய், தன்னொற்று இரட்டி, புத்து + ஆக்கம், புத்தாக்கம். புத்தாண்டும் புத்துயிரும் அப்படியே. வருமொழி தொழில் என்றால் புதுத்தொழில்தானே வர வேண்டும்? 'புத்தொழில்' என்பதைப் பிரித்தால் புத்து + ஒழில். ஒழில் என்றால் என்ன ஐயா?

சென்னை:

அரசு இயக்கத்தின் பெயரே 'தமிழ்நாடு புத்தொழில் மற்றும் புத்தாக்க இயக்கம்'. பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. நிலைத்துவிட்ட சொல்லைத் தோண்டினால் கைவலிதான் மிச்சம்.

கிளிநொச்சி (விரிவுரையாளர்):

வணக்கம். நான் எழுதுவது அறிவியல் நகரிலிருந்து. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இங்கேதான் இருக்கின்றன. எங்கள் பக்கம் தொழில்முனைவு என்பதில்லை, முயற்சியாண்மை. அறிவுசார் சொத்துரிமை என்பதில்லை, புலமைச் சொத்து. ஆகவே சென்னையில் நிலைத்துவிட்டது என்பதாலேயே எல்லாருக்கும் நிலைத்துவிட்டதாக எடுக்க வேண்டாம். நான் 'அடைகாப்பகம்' என்பேன். அடைக்கோழியை அறியாத தமிழர் இல்லை.

நெல்லை:

எங்கள் ஊரில் வேலைக்குப் போகாதவனைத்தான் 'வீட்டிலேயே அடைகிடக்கிறான்' என்பார்கள், அண்ணா. மையத்தில் சேரப் போகிறேன் என்று சொல்கிற பையனுக்கு அவன் அப்பாவிடமிருந்து என்ன பதில் வரும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கோவை (பொறியாளர்):

கோழியைக் கேலி செய்ய வேண்டாம். தொழிலுக்கு இந்தப் பெயர் வந்ததே கோழியால்தான். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து பட்டேவியா ஊரில் பெரிய பண்ணை இயந்திர ஆலை ஒன்று மூடிக்கிடந்தது. அதை வாங்கிய மன்குசோ குடும்பம் 1959-இல் இடத்தைக் கூறுபோட்டுச் சிறு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விட்டது. முதலில் குடிவந்தவர்களில் குஞ்சு பொரிப்பவர்களும் உண்டு. அதைப் பார்த்து ஜோசப் மன்குசோ வேடிக்கையாகச் சொன்ன பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆக, அந்த அம்மா வாத்து முட்டையோடு வந்தது வரலாற்றுப்படி சரியே!

தஞ்சாவூர்:

அருமை. குறுந்தொகை 152-இல் 'தாயில் முட்டை' வருகிறது, நினைவிருக்கிறதா? அடைகாக்கத் தாய் இல்லாத முட்டை உள்ளேயே கிடந்து அழியும். ஆமைக்குஞ்சுக்கோ தாயின் பார்வையே போதும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அங்கிருந்து 'நோக்ககம்' என்று ஒரு சொல்…

காரைக்குடி:

ஐயா, வேண்டாம். ஆட்சிக்குழு பயந்துவிடும்.

எனக்குச் சொல்லைவிட, ஊர்க்காரர் மையத்துக்கு வருவதில்லை என்று நெல்லை அம்மா சொன்ன சங்கதிதான் உறுத்துகிறது. 1948-இல் இங்கே மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறந்தார்கள். 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பர். இன்றும் காரைக்குடியில் அந்த ஆய்வகத்தின் சுருக்கப்பெயரைச் சொல்லி 'சிக்ரி' என்றால் ஆட்டோக்காரருக்கு வழி தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஊருக்குள் ஆய்வுக்கூடம் இருப்பது ஒன்று, ஊர்க்காரர் தன் சிக்கலை எடுத்துக்கொண்டு அதற்குள் நுழைவது இன்னொன்று. நுழைய வைக்கிற சொல் எதுவோ அதற்கே என் ஓட்டு.

நெல்லை:

இதைத்தான் நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் சீனி கலந்த கருப்பட்டியைக் கடையில் கண்டுபிடிப்பது எப்படி? காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் முறையில் கரும்பு சி4 வகைத் தாவரம், பனை சி3 வகை. இரண்டின் சர்க்கரையிலும் கார்பன்-13 விகிதம் வேறு. ஐசோடோப்பு நிறமாலைமானியில் வைத்தால் தெரிந்துவிடும். அந்தக் கருவியோ யானை விலை, பனையேறி எங்கே போவார்? மலிவான ஒரு சோதனை வேண்டும் என்ற கேள்வி மையத்துக்கு வந்தால் வேதியியல் துறைக்கு ஓர் ஆய்வேடு, ஊரில் யாரோ ஒருவருக்குத் தொழில். மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசிவது அடுத்த கேள்வி. இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் வாசலைத் தாண்டி வரவில்லை. கருவி வாங்க நிதி கேட்டு எழுதுவதில் எங்களுக்கு நல்ல பழக்கம், கேள்வி கேட்டு ஊருக்குள் போவதில் அவ்வளவு இல்லை.

கிளிநொச்சி:

பனை என்றதும் மனம் இளகிவிட்டது. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால் இதே கேள்விகள் எங்களுக்கும் உண்டு. சரி, 'அடை'யை விடுகிறேன்.

திருவாரூர் (வேளாண் அலுவலர்):

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 'நாற்றங்கால்' என்று வைத்தால் என்ன? விதையை நேராக வயலில் போடாமல் சிறு இடத்தில் நீர்விட்டுக் காத்து, பருவம் வந்ததும் பறித்து நடுகிறோம். குறுவை நாற்றை நாள் கடந்து விட்டால் முற்றிப்போகும், தூர் கட்டாது. இந்த மையங்களிலும் அதே நோய்தானே? வாடகை குறைவு என்று வருடக்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பறித்து நட வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கட்டும். பாய் நெய்கிறவருக்கும் கருப்பட்டி காய்ச்சுகிறவருக்கும் விளக்கமே தேவைப்படாது.

சென்னை:

அழகான சொல். சென்னைப் பிள்ளைகள் அதில் 'நாற்றம்' வரைதான் வாசிப்பார்கள்.

தஞ்சாவூர்:

நாற்றம் என்றால் நறுமணம். அதைக் கெடுத்தது நீங்கள்.

கோவை:

கவித்துவம் சரி. 'தொழில்நுட்ப வணிக நாற்றங்கால்' என்று நிதி விண்ணப்பத்தில் எழுதினால் தில்லியில் யார் எடுத்துக்கொள்வார்கள்? பதிவு, தணிக்கை, ஒப்பந்தம் எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும்.

திருவாரூர்:

தில்லிக்கு ஆங்கிலத்தில்தானே அனுப்புகிறீர்கள்?

நெல்லை (புதன் மாலை):

நன்றி, எல்லாருக்கும். அச்சகத்தார் காத்திருக்கிறார்கள். அறிக்கையில் 'தொழில் வளர் காப்பகம்' போகிறது, ஐந்து பேர் அதற்கு ஆதரவு, பாதிப் பேர் சலிப்பில். பெட்டிக்கு 'அடைகாப்புப் பெட்டி'. வாசல் பலகைக்கு 'நாற்றங்கால்' என்று எழுதி, அடியில் 'உங்கள் தொழிலில் உள்ள சிக்கலோடு வாருங்கள்' என்ற வரியும் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். பதிவாளர் அலுவலகத்தில் ஒரே மையத்துக்கு இரண்டு பெயரா என்கிறார்கள். அறிக்கை முடிந்ததும் நேரில் போய்ப் பேசுவேன்.

தஞ்சாவூர்:

'வளர்ப்பகம்' என்ற என் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்துகொள்ளவும். புத்தொழிலுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கிளிநொச்சி:

மையத்துக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அதற்குள் இருப்பவரை எப்படி அழைப்பது? இன்குபேட்டீ என்கிறார்கள்.

சென்னை:

தயவுசெய்து அதற்கு வேறு இழை தொடங்குங்கள்.