எம்பிபிஎஸ், நர்சிங், பார்மசி, பிசியோ மாணவர்களைச் சேர்த்துப் படிக்க வைப்பது எப்படி?

கேள்வி (ஒருங்கிணைப்பாளர், சேலம்):
வணக்கம். நாலு கல்லூரியும் ஒரே வளாகம்தான். ஆனால் கூட்டு வகுப்பு என்றால், கல்லூரிக்கு 50 பேர் வீதம் 200 பேரை ஆடிட்டோரியத்தில் உட்கார வைத்து ஒருவர் பேசுவதோடு சரி. நர்சிங்கும் பி.பார்மும் செமஸ்டர், எம்பிபிஎஸ் ஆண்டுமுறை. பரீட்சைகள் மோதிக்கொண்டே இருக்கின்றன. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் (பார்மசி பிராக்டிஸ்):
ஆடிட்டோரியத்தை விட்டுவிடுங்கள் சார். ஒருவரைப் பற்றியும், ஒருவரிடமிருந்தும், ஒருவரோடு சேர்ந்தும் கற்பதுதான் கூட்டுக் கல்வி என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வழிகாட்டி சொல்கிறது. மேடைப் பேச்சில் இந்த மூன்றும் நடக்காது.

துறைக்கு இரண்டு பேராக எட்டுப் பேர் குழு. ஒரே ஒரு டிஸ்சார்ஜ் கேஸ், இரண்டு மணி நேரம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் தொழிலாளி, காலில் சர்க்கரைப் புண் ஆறி வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று வையுங்கள். கேஸ் ஷீட் எம்பிபிஎஸ்ஸிடம், வார்டு சார்ட் நர்சிங்கிடம், கால் பரிசோதனைக் குறிப்பு பிசியோவிடம், மருந்துச் சீட்டும் அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பையும் பார்மசியிடம். நாலும் சேராமல் விடை வரக்கூடாது.

அந்தப் பைக்குள் பழைய சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒன்றைப் போடுங்கள். அது மில்லிக்கு 40 யூனிட் இன்சுலினுக்கானது. புதிதாக எழுதிய கிளார்ஜின் (நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலின்) வையலோ மில்லிக்கு 100 யூனிட். 10-ஆம் கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட்! சீட்டில் 10 என்றுதான் இருக்கும்; சீட்டை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது.

பதில் (நர்சிங் ஆசிரியர்):
கேஸ் அருமை. ஆனால் பேச ஆரம்பித்ததும் எம்பிபிஎஸ் மாணவர் தலைமையை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் குறிப்பெடுக்கத் தொடங்கிவிடுவார்கள். தலைமையைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் பேசப் பழக்குங்கள். எங்கள் பிள்ளைகள் மூன்றாவதோடு நின்றுவிடுவார்கள். "இந்த சிரிஞ்சோடு அனுப்ப வேண்டாம் டாக்டர், மாற்றிக் கொடுங்கள்" என்று வாயைத் திறந்து சொல்ல வைப்பதுதான் பாடமே.

வழிநடத்த ஒரு குழுவுக்கு வெவ்வேறு துறையிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். டாக்டர் மட்டும் இருந்தால் அது நோயாளி படுக்கையருகே டாக்டர் நடத்தும் பெட்சைட் கிளாஸ் ஆகிவிடும். கடைசி 40 நிமிடம் 'யார் சொன்னதை யார் கேட்கவில்லை' என்று உட்கார்ந்து பேச. நேரம் போதாவிட்டால் எல்லாரும் முதலில் வெட்டுவது இதைத்தான், தயவுசெய்து வெட்டாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
25 குழுவுக்கு 50 ஆசிரியர்கள் கிடைக்க மாட்டார்களே மேடம்?

பதில் (பிசியோதெரபி):
ஒரே நாளில் எதற்கு? வாரம் 5 குழு, 10 ஆசிரியர்கள், 5 வாரம். நாலு கல்லூரிப் பரீட்சைத் தேதிகளையும் ஒரே காகிதத்தில் எழுதி, இடிக்காத ஐந்து வாரத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே டைம்டேபிளில் அச்சிட்டுவிடுங்கள். முதலாண்டு வேண்டாம், தன் துறை வேலையே அவர்களுக்குப் பிடிபட்டிருக்காது. மூன்றாம் ஆண்டு சரி.

மதிப்பெண் வருகைக்கு அல்ல, குழு எழுதித் தரும் டிஸ்சார்ஜ் திட்டத்துக்கு. எட்டுப் பேருக்கும் ஒரே மதிப்பெண். அந்தத் தோட்டத் தொழிலாளி நடப்பது மலைச்சரிவில், ஆஸ்பத்திரி வராந்தாவில் இல்லை. எம்.சி.ஆர். (மென்மையான ரப்பர்) செருப்போடு படியிலும் சாய்தளத்திலும் நடத்திப் பார்த்தார்களா? ஊரில் யார் அவர் பாதத்தைப் பார்ப்பார்கள்? 2021-லிருந்து தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்ட ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். அவர்களுக்குக் கொடுத்தனுப்ப அரைப்பக்கத் தமிழ்க் குறிப்பு இல்லாத திட்டத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்.