மண்டபத்தில் காபிக் கடை: டிகாஷன் கரிக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில் சின்னதாக ஒரு காபிக் கடை வைத்திருக்கிறேன். விடியற்காலையில் கரையேறும் மீன்பிடிக்காரர்களும், ராமேஸ்வரம் போகிற வழியில் வண்டி நிறுத்துபவர்களும்தான் வாடிக்கையாளர்கள்.

காவிரித் தண்ணீர் வருகிற நாளில் காபி அருமையாக இருக்கிறது. வராத நாளில் லாரித் தண்ணீர்தான்; டிகாஷன் கரிக்கிறது, சில சமயம் பாலும் திரிந்துவிடுகிறது. போன வாரம், தினமும் வருகிற பெரியவர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை அப்படியே பலகையில் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் காசைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

கொதிக்க வைத்தால் உப்பு போகாது, இன்னும் கூடத்தான் செய்யும். சின்னக் கடைக்குத் தாங்குகிற ஆர்.ஓ. மெஷின் யாராவது வைத்திருக்கிறீர்களா? ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு வீணாகப் போகிறது? அப்புறம், கடல்காற்றில் சிக்கரி கலந்த பொடி இரண்டே நாளில் கட்டி தட்டிவிடுகிறது. நீங்கள் எதில் போட்டு வைக்கிறீர்கள்?

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வியாபாரம் படுத்துவிடும். அதற்குள் சரிசெய்தாக வேண்டும். தொண்டி, கீழக்கரை பக்கம் கடை நடத்துபவர்கள் சொன்னால் நேரில் வந்தே பார்த்துக்கொள்கிறேன்.