கதைக்கு உதவி தேவை: வௌவால் குடியிருக்கும் புளோக்கில் கொள்ளைநோய்

தெம்பனிஸ் வாசகி:
அறிபுனைச் சிறுகதை ஒன்று பாதியில் நிற்கிறது. வருடம் 2090. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் மேல் மூன்று மாடிகள் பழந்தின்னி வௌவால்களுக்கு. பேச மொழிமாற்றுக் கருவி உண்டு. ஒருநாள் ஒரு வௌவால் பையனைக் கடிக்கிறது, பத்தே நாளில் தீவு முழுக்கக் காய்ச்சல். வௌவால்களை அழிக்கலாமா என்று கீழ்த்தளத்தில் வாக்கெடுப்பு. நோய் வரும் விதம் நம்பும்படி இருக்கிறதா?

கல்லாங் ஆறு:
கடியை எடுத்துவிடுங்கள், அது பேய்ப்படத்துக்குத்தான் சரி. வௌவாலிடமிருந்து வரும் நிப்பா கிருமி வந்த வழியைப் பாருங்கள். 1998-99, மலேசியா. பன்றிக் கொட்டகையை ஒட்டியே மாமரம். வௌவால் கொறித்துப் போட்ட பழத்தை எச்சிலோடு பன்றி தின்றது, கொட்டகை நெரிசலில் பன்றிக்குப் பன்றி பரவியது, பிறகு ஆளுக்கு. இங்கே 1999 மார்ச்சில் தொற்றிய 11 பேரும் பன்றி அறுக்கும் கூடத்து ஊழியர்கள், ஒருவர் இறந்தார். அவர்கள் கையாண்டது பன்றியைத்தான். உங்கள் புளோக்கிலும் நடுவில் ஒரு பிராணி வேண்டும். தாழ்வாரத்தில் யாராவது நெருக்கிக் கூண்டு அடுக்கி முயல் வளர்க்கட்டும், மேலிருந்து கடித்த ஜம்புக்காய் விழட்டும்.

பத்து நாள் கணக்கும் இடிக்கிறது. நிப்பாவுக்கு அடைகாலமே, அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும்வரை, பெரும்பாலும் 4 முதல் 14 நாள், ஆளுக்கு ஆள் சுலபத்தில் பரவாது. சார்ஸ் 2003இல் இங்கே 238 பேரோடு அடங்க ஒரு காரணம், காய்ச்சல் கண்ட பிறகே அது அதிகம் பரவியது. வெப்பமானி வைத்து ஆளைப் பிரிக்க முடிந்தது. கோவிட் அறிகுறிக்கு முன்பே பரவிவிடும். இரண்டில் எது என்று முடிவுசெய்யாமல் வாக்கெடுப்புக் காட்சியை எழுதாதீர்கள்.

நூலகப் பூனை:
வாக்கெடுப்பில் அழிக்கச் சொல்லும் கட்சியே ஜெயிக்கட்டும். உகாண்டாவின் கிட்டாக்கா சுரங்கத்தில் 2007இல் தொழிலாளர்களுக்கு வௌவாலிடமிருந்து மார்பர்க் என்ற கொடிய காய்ச்சல் கிருமி தொற்றியது, வௌவால் கூட்டத்தையே ஒழித்தார்கள். 2012இல் அந்த வட்டாரத்தில் மறுபடி நோய். சுரங்கத்துக்குத் திரும்பி வந்த வௌவால்களில் கிருமி உள்ளவற்றின் விகிதம் முன்பைவிட இரு மடங்குக்கும் மேல்!

கிருமி ஏன் அந்த வருடம் வந்தது என்றும் கதை சொல்ல வேண்டுமே. பசியை வையுங்கள். ஆஸ்திரேலியாவில் குளிர்காலப் பூ பொய்த்த வருடங்களில் வௌவால்கள் பண்ணைப் பக்கம் இரை தேடி வந்து ஹெண்ட்ரா கிருமியைக் குதிரைகளுக்குத் தொற்ற வைத்திருக்கின்றன. கார் நிறுத்துமிடத்துக்காக மரத்தை வெட்டியதைக் கதையின் முதல் பத்தியிலேயே போகிற போக்கில் சொல்லிவிடுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தெம்பனிஸ் வாசகி:
முயல் பிரமாதம்! சரிங்க, தோற்ற கட்சி வாக்கெடுப்பில் என்ன மாற்று சொல்லும்? சுவர் எழுப்புவதா?

கல்லாங் ஆறு:
சுவர் எதற்கு, தட்டி போதும். பங்களாதேஷில் ஈச்ச மரத்தில் இரவில் சாறு இறக்குகிறார்கள், வௌவால் வந்து நக்கினால் அதில் நிப்பா. மூங்கில் தட்டி கட்டினால் அண்டாது. ஆனால் பானை வாயை மட்டும் மூடினால் வீண். சீவிய பட்டையில் வழிவதைத்தான் அது நக்கும், ஆகவே சீவல், குழாய், பானை மூன்றையும் சேர்த்து மறைக்க வேண்டும். உங்கள் கதையில் முயல் கூண்டுக்கு மேல் கூரை போட்டார்கள், தீவனத் தட்டு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்று வையுங்கள்.