குவென் வெர்டனை உருவாக்கியவர் பாப் ஃபாஸிதானா?

வெண்திரை

சண்டை வரும் என்று தெரிந்தேதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். நடன அமைப்பாளரும் இயக்குநருமான பாப் ஃபாஸி, அவர் மனைவியான நடன நட்சத்திரம் குவென் வெர்டன் இருவரையும் பற்றி 2019இல் வந்த ‘ஃபாஸி/வெர்டன்’ தொடரை இப்போதுதான் பார்த்து முடித்தேன். குவெனாக நடித்த மிஷேல் வில்லியம்ஸுக்கு எம்மி கொடுத்தது நியாயம்தான். ஆனால் அந்தத் தொடர் வந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் “குவென் இல்லாமல் ஃபாஸி இல்லை” என்று ஒரே பாட்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிராட்வே, அதாவது நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளில் நடந்த இசை நாடகங்களில் குவென் வெர்டன் நாயகியாக வந்தவை ஐந்து. டாம் யாங்கீஸ் (1955), நியூ கேர்ள் இன் டவுன் (1957), ரெட்ஹெட் (1959), ஸ்வீட் சேரிட்டி (1966), சிகாகோ (1975). ஐந்துக்கும் நடனம் ஃபாஸி. ரெட்ஹெட்டிலிருந்து இயக்கமும் அவரே. பாட்டும் ஆட்டமும் இல்லாத ஒரு நாடகத்தில் 1972இல் அந்த அம்மா தனியாக நடித்துப் பார்த்தார். முதல் காட்சியோடு ஊத்தி மூடிவிட்டார்கள். ஃபாஸி இல்லாத வெர்டன் யார்? இதுதான் கேள்வி.

அடவுக்காரி

நாயகி என்று ஒரு வார்த்தையைப் போட்டு 1953ஐ நைசாகத் தள்ளிவிட்டீர்களே. கான்-கான் எங்கே போயிற்று?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கான்-கானில் நடனம் மைக்கேல் கிட். நாயகி லிலோ என்ற பிரெஞ்சு நடிகை. குவெனுக்கு இரண்டாம் நாயகி வேடம். வெளியூரில் முன்னோட்டக் காட்சிகள் நடக்கும்போதே கைதட்டல் யார் பக்கம் போகிறது என்று லிலோவுக்குப் புரிந்துவிட்டது. குவெனின் பகுதிகள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன. கடைசியில் மிஞ்சியவை இரண்டு நடனங்கள்தான். வெறுத்துப்போய் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

1953 மே 7, ஷூபர்ட் தியேட்டரில் முதல் இரவு. ஆடி முடித்து உள்ளே போய் உடை மாற்றத் தொடங்கிவிட்டார். வெளியே கைதட்டல் நிற்கவில்லை, பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். நாடகம் நகர மறுக்கிறது. துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றவரை அப்படியே மேடைக்குக் கூட்டி வந்தார்கள். அந்த வேடத்துக்குத்தான் முதல் டோனி, பிராட்வேயின் பெரிய விருது. அப்போது அவர் ஃபாஸியோடு ஒரு நடனம்கூடச் செய்திருக்கவில்லை.

தஞ்சாவூர் ஜாஸ்

அக்கா, துண்டுக் கதை அருமை, எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் ஓர் இரவு கைதட்டலை வைத்து ஒரு வாழ்நாளை ஓட்ட முடியாது. இரண்டு நடனத்தில் அசத்திவிட்டு அடுத்த வேடம் கிடைக்காமல் போனவர்கள் பிராட்வேயில் எத்தனை பேர்! வெர்டனை நட்சத்திரமாக்கியது டாம் யாங்கீஸில் வரும் லோலா வேடம். அந்த லோலா அசையும் ஒவ்வோர் அசைவும் ஃபாஸி போட்டது.

1958 படத்தில் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது, தேடிப் பாருங்கள். பேஸ்பால் வீரர்கள் உடை மாற்றும் அறை. ஜோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். சாத்தான் அனுப்பிய லோலா அவனை மயக்க வேண்டும். முதலில் கையுறை கழல்கிறது, அப்புறம் பாவாடை. இடுப்பை ஒரு வெட்டு வெட்டுகிறாள், அவன் பெஞ்சிலேயே நகர்ந்து நகர்ந்து போகிறான். மயக்கவே முடியவில்லை. இதில் கவர்ச்சி பாதி, கிண்டல் பாதி. எந்த நொடியில் சிரிப்பு வர வேண்டும் என்று தோள் உயரும் அளவைக்கூடக் கணக்குப் போட்டவர் ஃபாஸி. டாம் யாங்கீஸ் மேடைக்கு வருவதற்கு முந்தின ஆண்டே பஜாமா கேம் நாடகத்தின் நடனத்துக்கு அவர் பெயர் வாங்கியாகிவிட்டது, டோனியும் கிடைத்தது. குவெனைச் சந்தித்ததால் வந்த திறமை இல்லை அது.

கடைசி வரிசை

ஜாஸ் தம்பி, கணக்குப் போட்டவர் சரி. அந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட உடம்பு வேண்டாமா? அதே அசைவை வேறொருத்தி செய்தால் வெறும் அரைகுறை ஆடையாட்டமாக முடியும். லோலா என்பவள் ஆன்மாவை விற்ற ஒரு பழைய சூனியக்காரி. அவள் தோற்கும்போது நமக்கு அவள்மேல் ஒரு பாசம் வருகிறதே, அதை நடன அமைப்பாளர் கொடுக்க முடியாது.

அடவுக்காரி

ஃபாஸிக்கு முன்னால் யார் என்று கேட்டீர்கள் இல்லையா? நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவென் 1925இல் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் பிறந்தவர். அப்பா எம்ஜிஎம் ஸ்டுடியோவில் எலக்ட்ரீஷியன். அம்மா டெனிஷான் குழுவில் ஆடியவர். குழந்தைக்கு ரிக்கெட்ஸ், கால் இரண்டும் வளைந்துவிட்டது. முழங்கால் வரை இறுக்கும் கனமான பூட்ஸ், பள்ளியில் நொண்டி என்ற பட்டப்பெயர். கால் நேராகட்டும் என்றுதான் அம்மா நடனத்தில் போட்டார். ஆறு வயதில் மேடையில் டாப் ஆடுகிறது அந்தப் பிள்ளை.

நாற்பதுகளின் கடைசியில் ஜாக் கோலிடம் போய்ச் சேர்ந்தார். இந்த ஜாக் கோல் யார் என்று நம் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவரும் டெனிஷானில் தொடங்கியவர்தான். அப்புறம் இந்தியா வந்து நடனம் படித்துப் போன லா மேரியிடம் முறையாகப் பரதம் கற்றார். கற்றதை ஸ்விங் இசைக்கு ஆடி நியூயார்க் இரவு விடுதிகளில் பெயர் வாங்கினார். தாழ்ந்த முட்டி, மார்பு அசையாமல் கழுத்து மட்டும் பக்கவாட்டில் போவது, கண் ஒரு பக்கம் கை ஒரு பக்கம். ஹாலிவுட் ஜாஸ் நடனத்துக்குள் இதெல்லாம் கோல் வழியாக வந்தது. உடம்பின் ஒரு பாகத்தை மட்டும் தனியாக அசைத்து மற்றதை நிறுத்தி வைப்பதைத்தான் இன்று ஃபாஸி பாணி என்று எல்லாரும் சொல்கிறார்கள். குவென் அதைக் கோலிடம் சில ஆண்டுகள் வியர்வை சிந்திக் கற்ற பிறகுதான் ஃபாஸி அவரைப் பார்க்கிறார். நான் அரங்கேற்றம் முடித்தவள். படத்தில் அந்தக் கழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

கோலுக்கு உதவியாளராக இருந்தபோது மர்லின் மன்றோவுக்கும் ஜேன் ரஸ்ஸலுக்கும் 1953 படத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தவரும் இவர்தான். திரையில் பெயர் வராத வேலை.

தஞ்சாவூர் ஜாஸ்

அந்தக் கோல் சமாச்சாரம் பிடித்திருக்கிறது. ஆனால் ஃபாஸியின் முத்திரை எதிர்த்திசையில் இருக்கிறதே. பரதத்தில் முட்டியை வெளியே திருப்பி அரைமண்டி உட்கார்கிறீர்கள். ஃபாஸி உள்ளே திருப்பினார். பாலே ஆட்கள் போலக் காலை வெளியே திருப்ப அவருக்கு வராது, அதையே பாணி ஆக்கினார். தலையில் முடி கொட்டியது, தொப்பி வந்தது. கூன் விழுந்த தோள், வெள்ளைக் கையுறை, எல்லாமே சொந்தச் சரக்கு. கோலிடமிருந்து வந்தது என்று சொல்லி அதைக் கரைத்துவிடாதீர்கள்.

மணிமாறன்77

இரண்டு பேருமே அதிகம் புகழ்கிறீர்கள். எத்தல் மெர்மன் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை பாடினார். மேரி மார்ட்டினுக்காகவே பெரிய பெரிய ஆட்கள் பாட்டு எழுதினார்கள். வெர்டனின் குரல் நடுங்கும், கரகரக்கும். பிராட்வே என்றால் முதலில் பாட்டு.

கடைசி வரிசை

மணிமாறன் சார், அந்தக் கரகரப்புதான் விஷயமே. பாடகி ஆடினால் ஒன்று, நடிகை பாடினால் ஒன்று. இவர் மூன்றையும் ஒரே மூச்சில் செய்வார், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடம் தெரியாது. சரி, அதை வேறு இழையில் பேசலாம்.

நான் சொல்ல வந்தது பணப் பக்கம். அதை ஏன் யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்? 1959இல் ரெட்ஹெட் தயாரிப்பாளர்களுக்கு வேண்டியது வெர்டன். அவர் போட்ட நிபந்தனை ஃபாஸிதான் இயக்க வேண்டும் என்பது. அதுவரை ஃபாஸி பிராட்வேயில் எதையும் இயக்கியதில்லை. லண்டன் மெழுகுச் சிலைக் காட்சியகம், ஒரு கொலை, துப்பறிதல் என்று சுமாரான கதை. அதை 452 காட்சிகள் ஓட்டியவர் குவென். டோனி அவருக்கு, சிறந்த இசை நாடகத்துக்கும் டோனி. அவர் இல்லாமல் அந்த நாடகத்தை மறுபடி எடுக்க இன்றுவரை பெரிதாக யாரும் துணியவில்லை. இயக்குநர் ஃபாஸி என்பவரே அந்த ஒப்பந்தத்தில் பிறந்தவர்.

சிகாகோவும் அப்படித்தான். மோரீன் வாட்கின்ஸ் 1926இல் எழுதிய நாடகம். அதை இசை நாடகமாக்க உரிமை கேட்டு எத்தனையோ முறை போனார்கள், அந்த அம்மா கடைசி வரை தரவில்லை. அவர் 1969இல் இறந்த பிறகுதான் வழி பிறந்தது. அதன் நாயகி ராக்ஸியின் வேடத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர் குவென். 1975 ஜூனில் அரங்கேறும்போது அவருக்கு வயது ஐம்பது.

வெண்திரை

காத்திருந்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1973ஐப் பாருங்கள். ஒரே ஆண்டில் ஃபாஸிக்கு மூன்று விருது: காபரே படத்துக்கு ஆஸ்கர், பிப்பின் நாடகத்துக்கு டோனி, பாடகி லைசா மினெல்லியின் டிவி நிகழ்ச்சிக்கு எம்மி. மூன்றிலும் குவென் மேடையிலும் இல்லை, திரையிலும் இல்லை. இருவரும் 1971லேயே பிரிந்துவிட்டார்கள். அதே போல 1969 ஸ்வீட் சேரிட்டி படத்தில் ஷெர்லி மெக்லெயினைப் போட்டார் ஃபாஸி. குவெனுக்கென்றே உருவான வேடம் அது, பாலஸ் தியேட்டரில் 608 காட்சிகள் ஓடியது. அவர் இல்லாமலே எடுக்க முடிந்ததே!

அடவுக்காரி

எடுக்க முடிந்தது, ஓடியதா? படம் பெரிய நஷ்டம். மெக்லெயினைக் கேட்டது ஸ்டுடியோ, திரையில் விலைபோகும் முகம் வேண்டும் என்று. அந்த மெக்லெயினுக்கு வேடத்தைச் சொல்லிக்கொடுக்கப் போனவர் யார்? குவென். தன் வேடத்தை இன்னொருத்திக்கு அடி அடியாகக் கற்றுக்கொடுத்தார். பெருந்தன்மை என்று எழுதுகிறார்கள், எனக்கு அதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது.

காபரேயில் இல்லை என்கிறீர்கள். மியூனிக்கில் படப்பிடிப்பு, ஒரு பாட்டுக்குக் கொரில்லா வேஷம் வேண்டும், அங்கே கிடைத்தது சரியில்லை. நியூயார்க்குக்கு விமானம் ஏறிப் போய் அதை வாங்கி வந்தது இவர். டைட்டிலில் தேடினால் பெயர் கிடைக்காது.

நட்டுவனார் நட்டுவாங்கம் செய்தார் என்பதற்காக ஆடியவளை யாரும் குறைத்துப் பேசுவதில்லை. இங்கே மட்டும் ஏன்?

தஞ்சாவூர் ஜாஸ்

சிகாகோவுக்கு வருவோம், அதில்தான் உங்கள் வாதம் இடிக்கிறது. 1975 கோடையில் குவெனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. சில வாரங்களுக்கு லைசா மினெல்லி ராக்ஸியாக வந்தார், டிக்கெட் கவுண்டரில் கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டு டோனியும் குவெனுக்கு இல்லை, எ கோரஸ் லைனில் ஆடிய டோனா மெக்கெச்னிக்குப் போயிற்று. அப்புறம் 1996இல் மறுபடி வந்த சிகாகோ இன்றும் ஓடுகிறது. எத்தனையோ ராக்ஸிகள் வந்து போய்விட்டார்கள். நாடகம் நிற்பது ஃபாஸியின் வார்ப்பில்.

கடைசி வரிசை

அந்த 1996 ராக்ஸி யார் தம்பி? ஆன் ரைன்கிங். நடனமும் அவர்தான், ஃபாஸி பாணியில் என்று போட்டுச் செய்தார். அவர் ராக்ஸியைக் கற்றது 1977இல், குவென் விலகிய இடத்தில் அந்த வேடத்துக்கு வந்தபோது. வார்ப்பு ஃபாஸியுடையது, முதலில் ஊற்றியது குவெனின் உடம்பில். பின்னால் வந்த அத்தனை பேரும் அந்த அளவுக்குள் நின்றுதான் ஆடுகிறார்கள்.

வெண்திரை

இது கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. இருந்தாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. சிகாகோவுக்குப் பிறகு பிராட்வேயில் அவர் புதிதாக ஒரு வேடமும் ஏற்கவில்லை. சினிமாவுக்குப் போனார், கக்கூன் படத்தில் பாட்டியாக வந்தார். ஃபாஸிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, டான்சின் என்ற மேடை நிகழ்ச்சி செய்தார், படங்கள் எடுத்தார்.

அடவுக்காரி

ஐம்பது தாண்டிய நடனக்காரிக்கு யார் சார் வேடம் எழுதினார்கள்? ஐம்பது தாண்டிய இயக்குநருக்கு முட்டி வலித்தால் நாற்காலி போடுவார்கள். இது திறமைக் கணக்கு இல்லை.

1987 செப்டம்பரில் வாஷிங்டனில் ஸ்வீட் சேரிட்டி மறுபடி மேடையேறும் நாளன்று, தியேட்டருக்குப் போகும் வழியில் ஃபாஸி சரிந்து விழுந்தபோது பக்கத்தில் இருந்தவர் குவென். சட்டப்படி அப்போதும் மனைவி. பன்னிரண்டு ஆண்டு கழித்து ‘ஃபாஸி’ என்ற தொகுப்பு மேடைக்கு வந்தபோது கலை ஆலோசகரும் அவரே. எழுபது வயது தாண்டி, இந்த விரல் இப்படி மடங்காது, அந்தப் பார்வை இங்கே விழாது என்று இளசுகளுக்குத் திருத்திக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூர் ஜாஸ்

நாடகத்தின் பெயர் என்ன என்று கவனித்தீர்களா அக்கா?

அடவுக்காரி

கவனித்தேன். இருபது வருஷம் கழித்து வந்த தொடரில் ஒரு சாய்கோடு போட்டு இரண்டாவது பெயரையும் சேர்த்தார்கள். நீங்கள் அதையும் குறை சொல்லித்தானே இந்த இழையே ஓடுகிறது?

கடைசி வரிசை

இரண்டு பேருக்கும் ஒரு வேலை. 1958 டாம் யாங்கீஸ் படத்தில் ஒரு மாம்போ நடனம் வரும். மேடையில் குவெனோடு வேறொருவர் ஆடியதைப் படத்தில் ஃபாஸியே ஆடியிருக்கிறார். இருவருக்கும் ஒரே உடை, ஒரே தொப்பி, ஒரே அடி. சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஃபாஸி துல்லியம், ஒரு மில்லிமீட்டர் பிசகாது. ஆனால் என் கண் ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கம்தான் போகிறது. உங்கள் கண் எங்கே போகிறது என்று வந்து எழுதுங்கள். ஜாஸ் தம்பி, பொய் சொல்லக் கூடாது.

தஞ்சாவூர் ஜாஸ்

பார்த்தேன். அந்த அம்மா பக்கம்தான் போகிறது. அப்படிப் போகும்படி அமைத்தது யார் என்பதுதான் என் கட்சி.