.30-06 கூட்டிலிருந்து அரிசாகா தோட்டா: என் அனுபவம்

நான் இருப்பது ஒஹாயோவில். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அரிசாகா டைப் 99 என்ற பழைய ஜப்பானிய ராணுவத் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. அவருடைய அப்பா பசிபிக் போர் முடிந்து ஊர் திரும்பியபோது கொண்டு வந்தது. மேலே இருந்த பதினாறு இதழ் செவ்வந்தி முத்திரையை யாரோ தேய்த்து அழித்திருக்கிறார்கள். சரணடைந்த ஜப்பானியத் துப்பாக்கிகள் பலவற்றில் அப்படித்தான் இருக்கும். "அப்பா போவதற்கு முன் இதை ஒரு தடவையாவது சுட்டுப் பார்க்க நினைத்தார், தோட்டா கிடைக்கவில்லை" என்று பெரியவர் சொன்னது மனதிலேயே நின்றுவிட்டது.

இதற்கு வேண்டியது 7.7×58 தோட்டா. கடையில் அபூர்வமாகத்தான் வரும். ஆனால் அமெரிக்காவின் .30-06 தோட்டாவின் வெற்றுப் பித்தளைக் கூடு எங்கும் கிடைக்கும். இரண்டின் அடிவட்டமும் ஏறக்குறைய ஒன்று. .30-06 கூட்டின் நீளம் 63.3 மி.மீ., நமக்கு வேண்டியது சுமார் 58. அதனால் கூட்டை 7.7 டையில் (கூட்டுக்கு வடிவம் தரும் எஃகு அச்சு) செலுத்தி, உடம்பு கழுத்தாகச் சுருங்கும் தோளைக் கீழே தள்ளி, மிஞ்சும் கழுத்தை அறுத்து, வாயை .30-லிருந்து .311 அங்குலக் குண்டுக்கு விரிக்க வேண்டும். சொல்லும்போது ஒரே மூச்சில் முடிந்துவிடுகிறது. எனக்கு மூன்று வார இறுதிகள் ஆயின.

முதல் நாளே ஒரு கூடு டைக்குள் சிக்கிக்கொண்டது. மெழுகு தடவியிருந்தேன், ஆனால் அடிப்பக்கம் விட்டுப்போயிருந்தது. அழுத்தக் கருவியின் கைப்பிடியை மேலே தூக்கினால் விளிம்பு பிய்ந்து வந்ததே ஒழிய, கூடு அசையவே இல்லை. கடைசியில் அடியில் துளை போட்டு, மரை வெட்டி, போல்ட்டை முறுக்கித்தான் இழுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கூட்டையும் விரல்களுக்கு நடுவே உருட்டி, மெழுகு படர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் உள்ளே விட்டதில்லை. அதிகமாகத் தடவினாலும் கெடுதல்தான், தோளில் சின்னக் குழி விழும்.

அப்புறம் கழுத்து. கூட்டுப் பித்தளை எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்தது. வளைக்க வளைக்க இறுகும். நான் சூடு காட்டாமலே விரித்த முதல் பத்தில் நான்கு, வாயோரம் மயிரிழை போல வெடித்தன. பிறகு கூடுகளைத் தட்டில் பாதி உயரத் தண்ணீரில் நிற்கவைத்து, விளக்கை அணைத்துவிட்டு, கழுத்தில் மட்டும் தீயைக் காட்டினேன். நிறம் மாறத் தொடங்கியதும் தட்டிச் சாய்த்து நனைத்தேன். அடிப்பாகம் மட்டும் சூடாகவே கூடாது. வெடிக்கும்போது அழுத்தம் முழுவதையும் தாங்குவது அதுதான், அது இளகினால் முகத்துக்கே ஆபத்து.

தோளை எவ்வளவு தள்ளுவது என்பதில்தான் நான் மிகவும் பொறுமை காத்தேன். டையை ஒரேயடியாக இறக்காமல், எட்டில் ஒரு சுற்று இறக்கி, கூட்டைத் துப்பாக்கியில் வைத்து, அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் அதன் போல்ட்டை மூடிப் பார்ப்பேன். மூடவில்லையா, இன்னும் எட்டில் ஒரு சுற்று. விரலுக்கு லேசாகத் தடை தெரிந்து போல்ட் மூடியதும் நிறுத்திவிடுவேன். அதைத் தாண்டினால் கூடு அறைக்குள் தளர்ந்து நிற்கும். சுடும்போது பின்பக்கம் இழுபட்டு, அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் விரிசல் விடும். சுட்ட பிறகு, நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கிறேன். அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூடு குப்பைக்கு.

* * *

அண்ணா, படித்ததும் எழுதத் தோன்றியது. நான் டெக்சாஸில் .223 தோட்டாவின் கூட்டை அறுத்து .300 பிளாக்அவுட் என்ற தோட்டா செய்கிறேன். 44.7 மி.மீ. கூடு 34.7 ஆகிவிடும். இதில் புதிய கழுத்து பழைய கூட்டின் உடம்புப் பகுதியில் உருவாவதால், சில தயாரிப்புகளில் தடிமன் கூடிவிடுகிறது. குண்டு வைத்த பிறகு கழுத்தின் வெளிவட்டம் .334 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நான் கேலிப்பரில் அளக்காமல் பெட்டியில் போடுவதே இல்லை.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். அடியில் ".223" என்ற முத்திரை அப்படியே இருக்கும். .300 தோட்டா .223 துப்பாக்கியின் அறைக்குள் நுழையவும் செய்யும், சுட்டால் துப்பாக்கியே சிதறும். இப்படி விபத்துகள் நடந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைக்க வேண்டாம். என் வீட்டில் இரண்டுக்கும் தனித்தனி அலமாரி, தனித்தனி நிறப் பெட்டி.

* * *

நானும் உங்கள் அனுபவத்தைப் படித்தேன். தோட்டாவை விட எனக்குப் பித்தளையில்தான் ஆர்வம், அதனால் கழுவுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அமோனியா கலந்த பாலிஷ் வேண்டவே வேண்டாம். பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைப்பார்களாம். மழை நின்று எடுத்துப் பார்த்தால் கூடுகளில் விரிசல். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்று 1921-ல் விளக்கினார்கள். உங்கள் கூடு இழுத்துச் சுருக்கியது, உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும், அதற்கு இன்னும் ஆபத்து. அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது நினைவிருக்கும் அல்லவா? அதுபோல் லேசான புளிப்பு போதும். நான் வெந்நீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் போட்டுச் சில நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசிக் காயவிடுகிறேன்.

* * *

இருவருக்கும் நன்றி. தம்பி சொன்ன முத்திரை விஷயத்துக்காக, என் பெட்டி மூடியில் "7.7 ஜப்பான், .30-06 கூட்டில் செய்தது" என்று பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டேன். கூட்டின் சுவர்த் தடிமன் மாறினால் உள்ளிடமும் மாறும், அதனால் வெடிமருந்தின் அளவைத் தோட்டா தயாரிப்புக் கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பித்தேன். இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் முயல வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும்.

போன சனிக்கிழமை பெரியவர் ஐந்து தோட்டாக்கள் சுட்டார். ஐந்து கூடுகளும் அடிப்பக்கம் சற்றே உப்பியிருந்தன, .30-06 அங்கே கொஞ்சம் ஒல்லி என்பதால் அது எதிர்பார்த்ததுதான். விரிசல் எதிலும் இல்லை. நான்கை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். ஒன்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.