ஆஹன் விடுதியில் கிறிஸ்துமஸ் சாப்பாடு: யோசனை சொல்லுங்கள்
வணக்கம் நண்பர்களே. ஜெர்மனியில், ஆஹன் நகரில் முதுகலை படிக்கிறேன். 2026 கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகாத ஏழெட்டுப் பேர் விடுதிச் சமையலறையில் சேர்ந்து சாப்பிடுவதாகத் திட்டம். நம்ம ஊர்ச் சமையல் என் பொறுப்பு.

டிசம்பர் 24 வியாழன், மதியம் 2 மணிக்குள் கடைகளை மூடிவிடுவார்கள். 25, 26 அரசு விடுமுறை, 27 ஞாயிறு. ரயில் நிலையக் கடைகளை விட்டால் திங்கள்வரை கொத்தமல்லித் தழைகூடக் கிடைக்காது. அதனால் சாமான் பட்டியலை இப்போதே போட்டாக வேண்டும்.

அடுப்பில் இரண்டு தட்டுதான் ஒழுங்காகச் சூடாகும். கடுகும் மிளகாயும் தாளித்தாலே புகை அலாரம் அலறுகிறது! துருக்கி நண்பர் பன்றி இறைச்சி தொடமாட்டார், மெக்சிகோ தோழி சைவம். ஜெர்மன் தோழி உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவருகிறாள். இங்கே பல வீடுகளில் 24 இரவுக்கு அதுவும் சாசேஜும்தான், பெரிய விருந்து மறுநாள்.

காய்கறி பிரியாணி போடலாமா, இல்லை தக்காளிச் சாதமும் தனியாகக் கோழி வறுவலுமா? புகை கிளம்பாமல் தாளிக்க வழி இருக்கிறதா? அப்புறம், முந்தின நாளே செய்துவைக்க ஓர் இனிப்பு வேண்டும். தயவுசெய்து அதிரசம் மட்டும் வேண்டாம், பாகுப்பதம் எனக்குக் கைவராது.